போக்ரோவ் அன்று போட்ட கூரை

ஹானிகன் கடைக்குத் தெரென்தி கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டு பவுண்டு, ஏழு ஷில்லிங், நாலு பென்ஸ். மாவு, தேயிலை, மண்ணெண்ணெய், விதைக் கடலை, சாக்கு, குளிர்க்காய்ச்சலில் கிடந்தபோது வாங்கிய கொய்னா மாத்திரை எல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆகியிருந்தது. அந்தத் தொகை அவனுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். ஏர் ஓட்டிக்கொண்டு போய் வரப்பில் திரும்பும்போதெல்லாம் அது நாக்கு நுனியில் வந்து நிற்கும்.

அவன் குடிகாரனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. காதரின் ஆற்றங்கரையில் குடியேறிய ருஷ்யர்களில் அப்படிப்பட்டவன் யாருமே இல்லை. விளாதிவஸ்தோக்கில் கப்பலேறி வந்தவர்கள், ஹார்பின் வழியாகச் சுற்றி வந்தவர்கள், ரயில் பாதைக்கு மண் சுமந்தவர்கள், கறித் தொழிற்சாலையில் மாட்டைத் தோலுரித்தவர்கள். கடைசியில் சொந்தமாகக் கொஞ்சம் மண் வேண்டுமென்று இந்தக் காட்டுக்கு வந்து நிலக்கடலை போட்டார்கள். முதல் வருஷம் விளைந்ததைக் காக்கட்டூவா கிளிகள் தோண்டித் தின்றுவிட்டுப் போயின. அடுத்த வருஷம் விளைச்சல் இருந்தது, விலை இல்லை. இந்த வருஷம்தான் இரண்டும் சேர்ந்து வந்திருந்தன.

ஹானிகனும் இந்த வருஷத்துக்காகத்தான் காத்திருந்தார்.

"கடலை ரயில் ஏறுற அன்னிக்கு என் பணம் என் கைக்கு வந்துடணும், டெர்ரி. வரலேன்னா அந்தச் சாம்பல் குதிரையை நான் ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். மனசுல வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். தெரென்தி என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. வந்த நாளிலிருந்தே டெர்ரிதான்.

சாம்பல் குதிரையின் பெயர் சீவ்கா. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள், இனி இது தேறாது என்று ஆற்றோரம் விட்டுவிட்டுப் போன குதிரை. தெரென்தியின் மனைவி உஸ்தின்யா தவிட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றி அதை எழுந்து நிற்க வைத்தாள். சீவ்கா போனால் ஏர் இல்லை. ஏர் ஓடாத நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு தெரென்தி மறுபடியும் யாராவது ஒருவனுடைய மாட்டைத் தோலுரிக்கப் போக வேண்டியதுதான்.

கடலை பறித்து, காய வைத்து, உதிர்த்து, மூட்டை கட்டியாயிற்று. எல்லார் மூட்டையும் ரயிலடியில் ஹானிகனின் கொட்டகையில் அடுக்கியிருந்தன. அவருடைய சரக்கும், மழைக்காலம் முழுக்க விற்கவேண்டிய மாவும் சர்க்கரையும், அதே கொட்டகையில்தான். இந்த வருஷம் மழை முந்தும் என்று ஆற்றங்கரையில் மீன் பிடிக்கும் ஜாவோயின் பழங்குடி ஆட்கள் சொல்லியிருந்தார்கள். ஹானிகன் சிரித்தார்.

போக்ரோவ் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் காற்று வந்தது. மழை இல்லை, வெறும் காற்று. தலையிலிருந்து தொப்பியைத் தட்டிவிடுவது போலக் கொட்டகையின் தகரக் கூரையை அப்படியே தூக்கிக் காட்டுக்குள் எறிந்துவிட்டுப் போயிற்று. மறுநாள் பொழுது விடிந்தபோது வடமேற்கில் மேகம் மலை மாதிரி குவிந்து நின்றது.

கார்ப் பெரியவர் வீட்டில் எல்லாரும் ஜெபத்துக்குக் கூடியிருந்தார்கள். அந்த ஊரில் கோயிலும் இல்லை, பாதிரியாரும் இல்லை. கார்ப் பெரியவரிடம் ஜெபப் புத்தகம் இருந்தது, குரலும் இருந்தது. அதனால் அவர் சொன்னதுதான் சட்டம். போக்ரோவ் என்றால் மூடாப்பு. தேவமாதா தன் முக்காட்டை விரித்து ஜனங்களை மூடிக் காத்த நாள். சொந்த ஊரில் இந்த நாளில்தான் முதல் பனி விழுந்து நிலத்தை மூடும். இங்கே இந்த நாளில் ஜெபம் சொல்லும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஜெபம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

"நம்ம மூட்டை திறந்து கிடக்குது, பெரியவரே" என்றான் தெரென்தி. "ஒரு மழை போதும். பூஞ்சை பிடிச்சா பன்றிகூட மோந்து பார்க்காது."

"தெரியும்பா. எனக்கும் அங்க நாப்பது மூட்டை இருக்கு. ஆனா இன்னிக்கு என்ன நாள்? சொந்த வேலை செஞ்சா பாவம். கூலிக்குச் செஞ்சா அதைவிடப் பாவம்."

"அப்ப நனையட்டுமா?" என்றாள் உஸ்தின்யா. "ஊர்ல விதவை வீட்டு அறுப்புக்குத் திருநாள் அன்னிக்கே எல்லாரும் அரிவாளைத் தூக்கிட்டுப் போனோமே? நீங்கதானே முன்னாடி நடந்தீங்க?"

"அது உதவி, உஸ்தின்யா. அவ நம்ம வாசல்ல வந்து நின்னு வாய் விட்டுக் கூப்பிட்டா. போனோம். காசு வாங்கல, அவ போட்டதைச் சாப்பிட்டோம். அதுக்குப் பாவம் கிடையாது, புண்ணியம்தான். இங்க யாரு நம்மளைக் கூப்பிட்டா? அது ஹானிகனோட கொட்டகை. கூப்பிடாம போனா நம்ம மூட்டைக்காகப் போனதாத்தான் ஆகும்."

அந்த நேரம் பார்த்து சவேலி ஓடி வந்தான். பட்டாளத்திலேயே வாயாடி அவன்தான். கறித் தொழிற்சாலையில் பெட்டி மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து படித்தவனும் அவன் ஒருவன்தான்.

"ஜெபத்துக்கு வராம எங்கடா போன?" என்றார் பெரியவர்.

"புகையிலைக்குப் போனேன், பெரியவரே. மன்னிச்சுக்குங்க. ஆனா நான் போனது தேவமாதா அனுப்பித்தான். ஹானிகன் கடை வாசல்ல பலகை மாட்டியிருக்கார். சாக்கட்டியில பெரிசு பெரிசா எழுதியிருக்கார். 'உதவி தேவை'ன்னு!"

"உதவியா? அந்த வார்த்தையேவா?"

"என் கண்ணால எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உதவி. தேவை."

கார்ப் பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா? நாமதான் அந்த மனுஷனைத் தப்பா நினைச்சுட்டோம். அவருக்கும் மானம் மரியாதை தெரிஞ்சிருக்கு. கோடாலியை எடுங்கப்பா!"

திருநாள் சட்டையைக்கூட மாற்றவில்லை. பூவேலை செய்த கழுத்துப்பட்டையும் இடுப்புக் கயிறுமாக, தோளில் கோடாலி வைத்துக்கொண்டு, ரயிலடிக்குப் பாடிக்கொண்டே போனார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தது. பெண்கள் பின்னால் வந்தார்கள். கடை வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஹானிகன் வெளியே வந்தார். இத்தனை பேரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லது, நல்லது! சரி, கேளுங்க. ஆளுக்குப் பத்து ஷில்லிங். மேல ஏறுறவனுக்குப் பதினஞ்சு. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

சவேலி அதை ருஷ்ய மொழியில் சொல்லும்போதே அவன் குரல் இறங்கிக்கொண்டு போயிற்று. கார்ப் பெரியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். திரும்பி நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன? என்னாச்சு? சரி, ஆளுக்கு ஒரு பவுண்டு!" என்று ஹானிகன் கத்தினார்.

அது இன்னும் மோசமாயிற்று. கடைசியில் நின்றவர்களும் வேகமாக நடந்தார்கள்.

தெரென்தி மட்டும் போகவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த ஊர்க்காரர்கள் கூலியாளைத்தான் உதவி என்று சொல்வார்களென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நல்ல வார்த்தையை எடுத்து என்ன காரியத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

ஹானிகன் அவன் கையைப் பிடித்தார். "டெர்ரி, உங்க ஆளுங்க என்னை நெருக்குறாங்களா? எவ்வளவு வேணுமாம்?"

"காசு வேண்டாம்."

"காசு வேண்டாமா! இங்க பாரு. உனக்கு எவ்வளவு பாக்கி, முப்பத்தெட்டா? நீ போய் அவங்களைக் கூட்டிக்கிட்டு வா. மொத்தத்தையும் அடிச்சுடறேன். இப்பவே, உன் கண்ணு முன்னாலயே. குதிரை உன்னுது. என்ன சொல்ற?"

தெரென்தி மனசுக்குள் கணக்குப் போட்டான். முப்பத்தெட்டு பவுண்டு, ஏழு ஷில்லிங், நாலு பென்ஸ். அது ஒரு வார்த்தையில் போய்விடும். போய்க் கூப்பிட்டால் அவர்கள் வரவும் வருவார்கள். 'ஹானிகன் புரிஞ்சுக்கிட்டார், கூலி இல்லை, உதவிதான்' என்று சொன்னால் யார் குடைந்து கேட்கப் போகிறார்கள்? சீவ்காவின் ஈரமான மூக்கு உள்ளங்கையில் படுவது போலிருந்தது. மேகம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

கடைசியில் வேண்டாமென்று தலையை ஆட்டினான். தனக்குத் தெரிந்த துண்டு இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னான்.

"வேண்டாம், மிஸ்டர் ஹானிகன். நீங்க கடனை அடிச்சா அதுவும் கூலிதான். அவங்க காசில்லாம ஏறுவாங்க, நான் மட்டும் முப்பத்தெட்டு பவுண்டுக்கு ஏறுவேன். குதிரை இருக்கும். அப்புறம் யார் வீட்டு மேஜையில நான் உக்காருவேன்?"

"எனக்கு உங்களைப் புரியவே இல்லை. அப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"அவங்ககிட்ட வாங்க. தொப்பியைக் கழட்டுங்க. 'நல்லவங்களே, வந்து உதவி செய்யுங்க'ன்னு கேளுங்க. காசைப் பத்திப் பேசாதீங்க. வேலை முடிஞ்சதும் சாப்பாடு போடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" ஹானிகன் முகம் சிவந்தது. "என் வாழ்நாள்ல யார்கிட்டயும் நான் சும்மா கை நீட்டினது கிடையாது, தெரியுமா?"

"வாராவாரம் நான் உங்க கடையில தொப்பியைக் கழட்டி, 'இன்னும் ஒரு மூட்டை மாவு எழுதிக்குங்க'ன்னு நின்னேனே. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஹானிகன் பலகையில் இருந்ததைச் சட்டைக் கையால் அழித்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் வழுக்கைத் தலையோடு ஓடினார். தெரென்தியும் கூட ஓடினான். ரயில் பாதையைத் தாண்டுவதற்குள் அவர்களைப் பிடித்துவிட்டார்.

மூச்சு வாங்கிற்று அவருக்கு. சொல்ல வேண்டியது பாதி மறந்துபோயிற்று. "நல்லவங்களே," என்றார். அப்புறம் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அப்புறம் வானத்தைக் காட்டினார். "தயவு பண்ணுங்க. என்னால தனியா முடியாது."

சவேலி மொழிபெயர்க்கப் போனான். கார்ப் பெரியவர் கையமர்த்தினார். "வேண்டாம்டா. இது எல்லா பாஷையிலயும் ஒண்ணுதான்." அவர் தொப்பியைக் கழற்றினார். "கூப்பிட்டீங்க. வந்தோம்."

திரும்பிப் போகும்போது பெரியவர் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். "கூரை அவரோடது, அதைத் தொடலாம். மூட்டை நம்மோடது. இன்னிக்கு ஒருத்தனும் அதுல கை வைக்கக் கூடாது. சவேலி, உனக்குத்தான் முக்கியமா சொல்றேன்."

அப்புறம் நடந்த வேலையை ஹானிகன் வெகுநாள் வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். காட்டுக்குள் போய்த் தகரத்தைத் தேடிச் சுமந்து வந்தார்கள். நெளிந்ததை மரத்துண்டின் மேல் போட்டு அடித்து நிமிர்த்தினார்கள். உடைந்த உத்தரங்களுக்குப் பதிலாக மரம் வெட்டி, கோடாலியாலேயே செதுக்கி, முனைக்கு முனை பள்ளம் எடுத்து ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும்படி பூட்டினார்கள். அளவுகோல் ஒருவன் கையிலும் இல்லை. அந்தப் பிராந்தியத்தில் தச்சர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள். கோடாலியை மட்டும் வைத்துக்கொண்டு வீடு கட்டுகிற பரம்பரையை ஹானிகன் அன்றுதான் பார்த்தார்.

"தெரென்தி லூகிச், அந்த முனையைப் பிடி!" "லூகிச், இன்னும் கொஞ்சம் உன் பக்கம்!" என்று அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக மேலேயிருந்து குரல்கள் வந்துகொண்டே இருந்தன. ஹானிகன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு மூட்டை சரிந்து ஏணியை மறித்தது. சவேலி அதைத் தொடாமல் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்றிப் போனான்.

"அதை நகர்த்தேன்டா!" என்றார் ஹானிகன்.

"முடியாது, அது என்னோடது" என்றான் சவேலி.

ஹானிகன் தலையில் அடித்துக்கொண்டு தானே இழுத்து ஓரம் போட்டார். அன்று முழுக்க அவர் இழுத்த மூட்டைகளை எண்ணினால் ரயிலடிக் கூலிகள்கூட வெட்கப்படுவார்கள்.

உஸ்தின்யா சமையல் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஹானிகன் மனைவியில்லாத மனிதர். மேஜை மேல் டப்பா இறைச்சியை அடுக்கி, பக்கத்தில் டப்பா திறக்கிற கத்தியையும் வைத்திருந்தார். உஸ்தின்யா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வெளியே, தகரப் பந்தலுக்கடியில், அவள் களிமண்ணால் கட்டிய ருஷ்ய அடுப்பு இருந்தது. ஆள் உள்ளே படுக்கலாம், அவ்வளவு பெரிசு. கட்டியபோது, "இந்த நரகத்துல இன்னொரு நரகம் எதுக்கு?" என்று ஹானிகன்தான் கேலி பண்ணினார். திருநாளுக்கென்று பிசைந்து வைத்த மாவு பொங்கி நின்றது. ஆற்றுக் கொடுவா மீன் இரண்டு இருந்தது. முழு மீனை மாவுக்குள் வைத்து மூடி, தலையணை அளவு அப்பமாகச் சுட்டாள். ரொட்டி சுட்டாள். சுட்டதையெல்லாம் வெள்ளைத் துணியில் கட்டி, சீவ்கா பூட்டிய வண்டியில் வைத்து ரயிலடிக்குக் கொண்டு வந்தாள்.

தெரென்தி கூரையிலிருந்து பார்த்துவிட்டான். "ஏய், நீ எதுக்குக் கொண்டாந்த? வீட்டுக்காரர்தானே சாப்பாடு போடணும்! முறை தெரியாதா?"

"நீ ஆணி அடி, லூகிச். டப்பாவைத் திறந்து வச்சா அது விருந்தா?" அவள் துணி மூட்டையை ஹானிகன் கையில் கொடுத்தாள். சவேலியை விட்டுச் சொல்லச் சொன்னாள்: "நீங்கதான் உங்க கையால வெட்டிப் போடணும். கூப்பிட்டவர் கையால போட்டாத்தான் முறை."

ஹானிகன் கையைக் கழுவிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

கடைசித் தகரத்துக்குக் கடைசி ஆணி இறங்கியபோது முதல் துளி விழுந்தது. எல்லாரும் கீழே குதித்து உள்ளே ஓடினார்கள். அப்புறம் வானம் கொட்டிற்று. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்திலிருப்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை. மேலே ஒரு பொட்டு ஒழுகவில்லை. கோடாலிக்காரர்கள் நிமிர்ந்து தாங்கள் போட்ட கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜா வந்து கூப்பிட்டிருந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"போக்ரோவ்!" என்று கார்ப் பெரியவர் ஹானிகன் காதில் கத்தினார். ஒரு கையால் கூரையைக் காட்டி, இன்னொரு கையால் போர்வை போர்த்துவது போலக் காட்டினார்.

"போக்ரோவ்," என்றார் ஹானிகனும். அவர் சரியாகச் சொன்ன முதல் ருஷ்ய வார்த்தை அதுதான்.

ரயில் வந்தது. தரகர் ரயிலடியிலேயே எடை போட்டுக் கையில் பணம் கொடுத்தார். கடலை ஒன்றுகூட நிறம் மாறவில்லை. தெரென்தி பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராகக் கடைக்குப் போனான். உஸ்தின்யாவும் கூட வந்தாள். மேஜை மேல் பணத்தை அடுக்கினான். முப்பத்தேழு பவுண்டு, பத்தொன்பது ஷில்லிங், நாலு பென்ஸ். கைக்குட்டையை உதறிப் பார்த்தான். எட்டு ஷில்லிங் குறைந்தது.

தெரென்தியின் காது சிவந்தது. "எட்டு ஷில்லிங் இல்ல. வாசல்ல சீவ்காவைக் கட்டியிருக்கேன். நீங்க சொன்னது சொன்னதுதான்."

"எட்டு ஷில்லிங்குக்குக் குதிரையா? போப்பா. விட்டுட்டேன்."

"விடக் கூடாது. தர்மம் வாங்க நான் வரல."

"அப்படியா?" ஹானிகன் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முறைப்படியே பேசுவோம். அன்னிக்கு உதவிக்குக் கூப்பிட்டது யாரு?"

"நீங்க."

"கூப்பிட்டவர்தான் சாப்பாடு போடணும். சொன்னது யாரு?"

"நான்தான்."

"அந்த மீன் அப்பம் எந்த அடுப்புல வெந்தது? என் அடுப்புலயா?"

தெரென்தி மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அத்தனை பேருக்கு மீன், ரொட்டி, அப்பம். என் விருந்தை இந்த அம்மா போட்டாங்க. அதுக்கு நான் காசு கொடுக்கலேன்னா அன்னிக்கு நான் உதவி வாங்கின முறையே கெட்டுப்போயிடும். உங்க பெரியவர்கிட்ட வேணா கேளு. எட்டு ஷில்லிங் ஆகுது."

"ஆனா மாவு உங்க கடை மாவு!" தெரென்திக்குத் திடீரென்று வழி கிடைத்துவிட்டது. "கடன்ல வாங்கினது. அன்னிக்கு அது இன்னும் உங்களோடதுதான்!"

"ஆமா. அந்த மாவுக்குத்தான் இப்ப நீ காசு கொடுத்துட்டியே" என்று ஹானிகன் மேஜை மேலிருந்த பணத்தைக் காட்டினார்.

உஸ்தின்யாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டாள். அவள் முதலில் சிரித்தாள். "மடக்கிட்டார், லூகிச். உன் முறையை வச்சே உன்னை மடக்கிட்டார். வாயை மூடிக்கிட்டுக் குதிரையை அவிழ்த்து வா."

தெரென்தி எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினான். கூரையில் இல்லாதது போலவே இதிலும் இல்லை.

"சரி" என்றான். "கூலியா கொடுத்தா வாங்க மாட்டேன். முறையா கொடுத்தா வாங்கிக்குவேன்."

கடன் கணக்குக் காகிதத்தில் டெர்ரி என்றிருந்த பெயரை ஹானிகன் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் எழுத ஆரம்பித்தவர், பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "தெ... ரென்தி. லூகிச். சரிதானே?"

"சரிதான்."

அதை எழுதி, அதற்கு நேரே 'பாக்கி இல்லை' என்று எழுதி, காகிதத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார்.